இலவசத் திட்டம் மட்டும் மென்பொருளை வளர்த்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் நிறுவனங்கள் விற்பனையாளர்களை நம்பியிராமல் தயாரிப்பின் வழியாகவே வாடிக்கையாளர்களைப் பெருக்கிக்கொள்வது குறித்துத் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். துறையினர் ‘பிராடக்ட்-லெட் குரோத்’ என்று அழைக்கும் இந்த உத்தியைத் தமிழில் விளக்க முன்வந்ததற்கு நன்றி. ஆனால், மென்பொருளை இலவசமாகத் திறந்துவிட்டால் அது தானாகவே பரவும், விற்பனைப் பிரிவுக்கான செலவும் மிச்சமாகும் என்ற எண்ணத்தையே கட்டுரை வாசகர் மனத்தில் விட்டுச்செல்கிறது. சிறு நிறுவனங்கள் பில் அனுப்பவும் வரவேண்டிய பாக்கியைக் கவனிக்கவும் உதவும் மென்பொருள் ஒன்றைப் பதினொரு ஆண்டுகளாகத் தயாரித்து விற்றுவருகிறேன். அதே எண்ணத்தோடு இந்த வழியில் இறங்கி இரண்டு ஆண்டுகளை வீணாக்கியவன் என்பதால், தொழில் தொடங்க எண்ணும் இளைஞர்கள் அந்தக் கட்டுரையை மட்டும் நம்பி முடிவெடுத்துவிடக் கூடாதே என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் ஒரு நிறுவனம் மென்பொருள் வாங்குவதென்றால் விற்பனையாளர் வந்து டெமோ காட்டுவார். விலை பேசி, ஒப்பந்தம் கையெழுத்தாகி, முன்பணமும் போய்ச் சேர்ந்த பிறகுதான், அதில் நாள் முழுவதும் வேலை செய்யப்போகும் ஊழியர் அதன் முகத்தையே பார்ப்பார். வாங்குகிறவர் ஒருவர், பயன்படுத்துகிறவர் இன்னொருவர் என்றிருந்ததால், பயன்படுத்துகிறவர் படும் பாடு விற்பனையைப் பெரிதாகத் தொட்டதில்லை. இணையத்தின் வழியே மென்பொருள் கிடைக்கத் தொடங்கிய பிறகு இந்த வரிசை மாறியது. ஊழியரே ஒரு கணக்கைத் திறந்து, தன் வேலையை அதில் செய்து பார்த்து, உதவியாக இருந்தால் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லி, கடைசியில் மேலாளரைப் பணம் கட்டவைக்கிறார். இதற்கு ஓப்பன்வியூ என்ற முதலீட்டு நிறுவனம் 2016-இல் பெயர் வைத்ததே தவிர, பழக்கம் அதற்கு இருபது ஆண்டுகள் மூத்தது. 1996 ஜூலையில் தொடங்கிய ஹாட்மெயில், தன் பயனர்கள் அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும், இலவசமாக மின்னஞ்சல் கணக்கு பெறலாம் என்ற ஒரு வரியைச் சேர்த்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் பயனர் எண்ணிக்கை ஒரு கோடியை எட்டும் நிலைக்கு வந்தது. 1997-இன் இறுதியில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது.

அந்த ஒரு வரியைப் புத்திசாலித்தனமான விளம்பரம் என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். கடிதத்தைக் கொண்டுசேர்ப்பதுதான் அந்தச் சேவையின் வேலை. அந்த வேலை சரியாக நடந்தது என்பதற்குப் பெறுபவரின் கையில் இருந்த கடிதமே சாட்சியாக இருந்தது. அனுப்பியவரும் அவருக்குத் தெரிந்தவர். கடிதம் பாதி வழியில் தொலைந்துகொண்டிருந்தால் அந்த வரியைப் படிக்கவே ஆள் இருந்திருக்காது.

கோப்புகளை இணையத்தில் சேமித்துப் பகிர்ந்துகொள்ள உதவும் டிராப்பாக்ஸின் கதையும் இதற்கு நெருக்கமானது. 2008-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அந்த நிறுவனம் முதலில் தேடுபொறி விளம்பரங்களில்தான் பணத்தைப் போட்டது. ஆண்டுக்கு 99 டாலர் கட்டணமுள்ள சேவைக்கு ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 233 டாலரிலிருந்து 388 டாலர் வரை செலவானது என்று அதன் நிறுவனர் டுரூ ஹூஸ்டனே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகு, நண்பரை அழைத்துவந்தால் அழைத்தவருக்கும் வந்தவருக்கும் கோப்புகளை வைத்துக்கொள்ளக் கூடுதல் இடம் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 2008 செப்டம்பரில் 1 லட்சமாக இருந்த பதிவுசெய்த பயனர்கள், 2010 ஜனவரியில் 40 லட்சமானார்கள். இதைப் படித்துவிட்டு ‘நண்பரை அழையுங்கள்’ என்ற பொத்தானைத் தங்கள் மென்பொருளில் ஒட்டிவைத்த நிறுவனங்களுக்குக் கணக்கில்லை. நாங்களும் அவற்றில் ஒன்று. டிராப்பாக்ஸ் கொடுத்த பரிசு, அதன் பயனருக்கு ஏற்கெனவே தேவைப்பட்ட பொருள். அதோடு, ஒரு கோப்பை இன்னொருவருடன் பகிர்ந்துகொள்வதற்கு அந்த இன்னொருவரும் உள்ளே வரவேண்டிய தேவை தயாரிப்பிலேயே இருந்தது. எங்கள் பொத்தானைப் பெரும்பாலானோர் தொடவே இல்லை. ஒரு வாடிக்கையாளர், “என் போட்டியாளரை நானே ஏன் அழைத்துவர வேண்டும்?” என்று எழுதிக் கேட்டிருந்தார். அவர் கேட்டது நியாயம். பில் போடும் மென்பொருளை அதே தொழிலில் இருக்கும் இன்னொருவருக்குச் சொல்வதால் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை.

நாங்கள் செய்த பெரிய தவறு அதுவல்ல. இலவசத் திட்டத்தைத் திறந்தவுடன் பதிவுசெய்பவர்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. வாரந்தோறும் அந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டி மகிழ்ந்துகொண்டிருந்தோம். பணம் கட்டுபவர்களின் எண்ணிக்கையோ முன்பிருந்த இடத்திலேயே நின்றது. விலையைக் குறைத்துப் பார்த்தோம், முகப்புப் பக்கத்தை இரண்டு முறை மாற்றினோம், பதிவுசெய்துவிட்டுத் திரும்பி வராதவர்களுக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பினோம். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகுதான், பதிவுசெய்த ஒருவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்க்கலாம் என்ற யோசனையே எங்களுக்கு வந்தது.

அவர் ஒரு சிறிய அச்சகத்தில் கணக்கு எழுதும் அம்மையார். அன்று மாலைக்குள் ஒரு வாடிக்கையாளருக்கு பில் அனுப்பியாக வேண்டும். எங்கள் மென்பொருளைத் திறந்தார். நிறுவனத்தின் பதிவு எண்ணைக் கேட்டது. ஒரு கோப்பை எடுத்துப் பார்த்து நிரப்பினார். வங்கிக் கணக்கு விவரம் கேட்டது. முதலாளியிடம் கேட்டுவிட்டு வந்து நிரப்பினார். பிறகு நிறுவனத்தின் லோகோவைப் பதிவேற்றச் சொன்னது. லோகோ அவருடைய கைப்பேசியில் ஒரு பழைய செய்திக்குள் இருந்தது. அதைத் தேடி எடுத்துக் கணினிக்கு அனுப்பி ஏற்றியபோது, படத்தின் அளவு பொருந்தவில்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. அந்த இடத்தைத் தாண்டிச் செல்ல ஒரு வழி இருந்தது. ஆனால் சாம்பல் நிறத்தில், மிகச் சிறிய எழுத்தில் இருந்ததால் அவர் கண்ணில் படவில்லை. எங்கள் மனம் நோகக் கூடாது என்று, “நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் சார்” என்றார். பிறகு எக்செல்லைத் திறந்து, போன மாத பில்லில் பெயரையும் தொகையையும் மாற்றி, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். மொத்தம் பதினான்கு விவரங்களைக் கேட்டு முடித்த பிறகுதான் எங்கள் மென்பொருள் ஒரு பில்லையே போடவிடும் என்பதை அலுவலகத்துக்குத் திரும்பிவந்து எண்ணிப் பார்த்தோம். நாங்கள் மாதக்கணக்கில் அலசிக்கொண்டிருந்த வரைபடத்தில் அந்த அம்மையார் ‘பதிவுசெய்தவர்’ என்ற ஒற்றைப் புள்ளியாகத்தான் இருந்தார்.

அதன் பிறகு வரிசையைத் திருப்பிப் போட்டோம். பெயர், தொகை, யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற மூன்றை மட்டும் கேட்டு முதல் பில்லைத் தயாரிக்கவிட்டோம். வங்கி விவரத்தை அது உண்மையில் தேவைப்படும் இடத்தில் கேட்டோம். லோகோவைக் கேட்பதையே விட்டுவிட்டோம், விரும்புகிறவர் எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளட்டும் என்று. கேட்க எளிதாக இருக்கும் இந்த மாற்றத்தைச் செய்து முடிக்க எங்கள் பொறியாளர்களுக்கு நான்கு மாதங்கள் ஆயின. எல்லா விவரமும் முன்கூட்டியே கையில் இருக்கும் என்ற எண்ணத்தில்தான் முழு மென்பொருளும் எழுதப்பட்டிருந்தது. தயாரிப்பை முன்னிறுத்தி வளர்வதில் விற்பனைச் செலவு மிச்சமாகிறது என்று எழுதுபவர்கள் இந்த நான்கு மாதச் சம்பளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பயனர் எந்தக் கட்டத்தில் ‘இது எனக்கு உதவும்’ என்று உணர்கிறார் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த உத்தியின் உயிர்நாடி. அலுவலகக் குழுக்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் மென்பொருளைத் தரும் ஸ்லாக் நிறுவனம் தன் பயனர் விவரங்களை ஆராய்ந்தபோது, தங்களுக்குள் 2,000 செய்திகளைப் பரிமாறிக்கொண்ட குழுக்களில் 93 சதவீதம் தொடர்ந்து அதைப் பயன்படுத்திவந்ததைக் கண்டது. ஃபேஸ்புக் தன் தொடக்க ஆண்டுகளில், புதிதாகச் சேர்ந்தவருக்குப் பத்து நாட்களுக்குள் ஏழு நண்பர்கள் கிடைக்க வேண்டும் என்பதை இலக்காக வைத்து உழைத்தது. இத்தகைய எண்களை மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 2,000 செய்திகள் அனுப்பியதால் அந்தக் குழுக்கள் தங்கிவிட்டனவா, அல்லது அவர்களுக்கு அந்தச் சேவை பிடித்திருந்ததால் 2,000 செய்திகள் அனுப்பினார்களா என்பதை எண் மட்டும் சொல்லாது. எங்கள் பயனர் ‘இது எனக்கு உதவும்’ என்று உணர்வது முதல் பில் அனுப்பும் கட்டத்தில்தான் என்று நெடுநாள் நினைத்திருந்தோம். அதற்காகப் புதியவர்களை மாதிரி பில் ஒன்றை அனுப்பிப் பார்க்கும்படி வற்புறுத்தவும் செய்தோம். மாதிரி பில் அனுப்பியவர்கள் கூட்டமாக வந்து கூட்டமாகவே போனார்கள். தங்கியவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசிப் பார்த்தபோது, நெடுநாளாக வராமல் கிடந்த பாக்கி ஒன்று எங்கள் மென்பொருள் அனுப்பிய நினைவூட்டலுக்குப் பிறகு வந்து சேர்ந்த நாளைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதுவரை பட்டியலின் ஒரு மூலையில் கிடந்த நினைவூட்டல் வசதியை முதல் நாளே கண்ணில் படும்படி கொண்டுவந்தோம். பணம் கட்டுபவர்களின் எண்ணிக்கை அசையத் தொடங்கியது அதன் பிறகுதான்.

எதை இலவசமாகக் கொடுப்பது, எங்கே கோடு போடுவது என்ற கேள்வியைக் கட்டுரை தொடவே இல்லை. ஜூம் நிறுவனம் குழுக் கூட்டங்களை இலவசத் திட்டத்தில் 40 நிமிடங்களோடு நிறுத்துகிறது. அந்த நேரத்துக்குள் சேவையின் தரத்தை முழுமையாக அறிந்துகொள்ளலாம். அலுவலகக் கூட்டம் நடத்துபவருக்கோ அது பெரும்பாலும் போதாது. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடைசி 10,000 செய்திகள் வரையே தேடிப் படிக்க முடிந்தது. 2022-இல் அதை 90 நாட்கள் என்று மாற்றினார்கள். இரண்டிலுமே, பயனருக்குச் சேவையின் தேவை வளர்ந்த பிறகுதான் கோடு குறுக்கே வருகிறது. முதல் நாளே முக்கியமான வசதிகளைப் பூட்டி வைத்துவிட்டு அதற்கு இலவசத் திட்டம் என்று பெயர் சூட்டும் நிறுவனங்கள், தங்கள் தயாரிப்பின் மோசமான வடிவத்தைத்தான் உலகுக்குக் காட்டுகின்றன. எப்போது இலவசமாகக் கொடுப்பது என்பதும் யோசிக்க வேண்டியது. வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக மின்னஞ்சல் அனுப்ப உதவும், 2001-இல் தொடங்கிய மெயில்சிம்ப் நிறுவனம் எட்டு ஆண்டுகள் கட்டணம் வாங்கி நடத்தி, தன் செலவு என்ன, வாடிக்கையாளர் யார் என்பதையெல்லாம் நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகு 2009-இல்தான் இலவசத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஓராண்டில் அதன் பயனர்கள் 85,000-இலிருந்து 4,50,000 ஆனார்கள். அந்த எட்டு ஆண்டுகளை விட்டுவிட்டு ஓராண்டின் வளர்ச்சியை மட்டும் எடுத்துச் சொல்வது சரியாகாது.

இலவசத்தால் வரும் இன்னொரு செலவை நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் காலை முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து கடுமையான மின்னஞ்சல் வந்தது. தான் வாங்காத பொருளுக்கு எங்கள் மென்பொருள் வழியாகத் தனக்கு பில் வந்திருப்பதாகவும், தன் தந்தை அதை உண்மையென்று நம்பிப் பணம் கட்டிவிட்டதாகவும் எழுதியிருந்தார். தேடிப் பார்த்தபோது, யாரோ இலவசக் கணக்குகளை வரிசையாகத் திறந்து, அறிமுகமில்லாதவர்களுக்கு நூற்றுக்கணக்கில் போலி பில்களை அனுப்பியிருந்தது தெரிந்தது. நல்லவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று நாங்கள் ஒவ்வொரு தடையாக நீக்கியது மோசடிக்காரருக்கும் எளிதாகியிருந்தது. அன்றே கணக்குகளை முடக்கினோம். அந்தப் பெரியவருக்கு நேர்ந்த இழப்பை நிறுவனமே ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு புதியவர்கள் முதல் சில நாட்களில் எத்தனை பேருக்கு பில் அனுப்பலாம் என்பதற்கு வரம்பு வைத்து, கைப்பேசி எண்ணைச் சரிபார்க்கும் முறையைச் சேர்த்தோம். அதனால் புதிதாக வருபவர்களில் சிலர் பாதியிலேயே திரும்பிப் போகிறார்கள் என்பது தெரிந்தே இன்றும் அதை வைத்திருக்கிறோம்.

விற்பனையாளர்களே தேவைப்பட மாட்டார்கள் என்ற கருத்தையும் ஏற்க இயலவில்லை. 2002-இல் சிட்னியில் தொடங்கிய அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம், விலையை இணையதளத்தில் வெளிப்படையாகப் போட்டு, மரபான விற்பனைப் படை இல்லாமலேயே பெரிதாக வளர்ந்து 2015-இல் பங்குச் சந்தைக்கு வந்தது உண்மை. ஆனால் பெரு நிறுவனங்களை வாடிக்கையாளராகக் கொள்ளும் கட்டம் வந்தபோது ஸ்லாக், டிராப்பாக்ஸ் போன்றவை விற்பனைப் பிரிவுகளை அமைத்தே ஆக வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு வாங்குபவர் பாதுகாப்பு பற்றியும் ஒப்பந்தம் பற்றியும் கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். மருத்துவமனையின் நோயாளிப் பதிவேடுகளையோ வங்கியின் மையக் கணக்குகளையோ நடத்தும் மென்பொருளை எந்த ஊழியரும் மதிய இடைவேளையில் தனியாகத் திறந்து சோதித்துப் பார்க்க முடியாது. அத்தகைய தயாரிப்பை வைத்திருப்பவர் இந்த உத்தியைப் பின்பற்றவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

இந்த உத்தியின் பெயரால் நடக்கும் சில முறைகேடுகளைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பயனரின் முகவரிப் பட்டியலை எடுத்து, அவர் பெயரிலேயே தெரிந்தவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்ப அழைப்பு அனுப்புவது அவற்றில் ஒன்று. இதற்காகத் தொடரப்பட்ட வழக்கில், வேலை சார்ந்த தொடர்புகளுக்கான சமூக வலைத்தளமான லிங்க்ட்இன் 2015-இல் 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொள்ள ஒப்புக்கொண்டது. சேருவதற்கு ஒரே ஒரு பொத்தானும் விலகுவதற்கு ஏழு பக்கங்களும் வைப்பது இன்னொன்று. நான் சந்தா கட்டிவந்த ஒரு சேவையை நிறுத்த முயன்றபோது, அலுவலக நேரத்தில் தொலைபேசியில் அழைத்துக் காரணம் சொன்னால்தான் நிறுத்துவோம் என்றார்கள். மூன்று முறை அழைத்த பிறகே நின்றது. அந்த நிறுவனத்தின் பெயரை வேறு யாரிடமும் நான் பரிந்துரைக்கப்போவதில்லை, மற்றபடி அதன் மென்பொருள் நன்றாகவே வேலை செய்தது. இதற்கு மாறாக, யாரேனும் சில வாரங்கள் சேவையைப் பயன்படுத்தாமலே இருந்தால் அவருக்கான கட்டணத்தைத் தானாகவே வரவு வைத்துவிடும் ஸ்லாக்கின் பில்லிங் முறையைப் பல முறை நண்பர்களிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். நாங்களும் அதைப் பின்பற்றத் தொடங்கினோம். முதல் மாதம் வருமானம் குறைந்தது கண்டு கணக்காளர் பதறினார். அதே மாதம், “கேட்காமலே பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறீர்களே” என்று ஒருவர் எழுதிவிட்டு, தன் மூன்று கிளைகளுக்கும் சேர்த்து ஆண்டுச் சந்தா கட்டினார்.

எனவே, இனி தங்கள் வணிகப் பக்கத்தில் இத்தகைய நிறுவனங்களைப் பற்றி எழுதும்போது, எத்தனை பேர் பதிவுசெய்தார்கள் என்ற எண்ணோடு, அவர்களில் எத்தனை பேர் மூன்றாவது மாதத்திலும் வருகிறார்கள் என்பதையும் நிறுவனத்தினரிடம் கேட்குமாறு தங்கள் செய்தியாளர்களை வேண்டுகிறேன். முடிந்தால் நிறுவனரோடு மட்டும் பேசாமல், வாடிக்கையாளரின் புகார்களுக்குப் பதில் எழுதும் ஊழியர் ஒருவரிடமும் பேசச் சொல்லுங்கள். எங்கள் நிறுவனத்தில் மென்பொருளின் எந்த இடத்தில் குறை இருக்கிறது என்பது எனக்குத் தெரிவதற்கு இரண்டு மாதம் முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. முன்பு அவர்கள் சொல்வதைக் கேட்கும் ஏற்பாடே எங்களிடம் இல்லை. இப்போது பொறியாளர்கள் ஒவ்வொருவரும் வாரத்தில் அரை நாள் அந்த மேசையில் உட்கார்ந்து பதில் எழுதுகிறார்கள்.

அச்சகத்து அம்மையார் இப்போது எங்கள் மென்பொருளில்தான் பில் போடுகிறார். சென்ற வாரம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பல ஆண்டுகளாகத் தவறாமல் பணம் தரும் ஒரு பழைய வாடிக்கையாளருக்கு, ஒரே ஒரு நாள் தாமதமானதற்கே எங்கள் நினைவூட்டல் கறாராகப் போய்விட்டதாகவும், அவர் வருத்தப்பட்டதாகவும் எழுதியிருந்தார். யாருக்கு எந்தத் தொனியில் நினைவூட்டுவது என்பதை அனுப்புபவரே முடிவுசெய்யும்படி மாற்றும் வேலை திங்கட்கிழமை தொடங்கியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
சிறு மென்பொருள் நிறுவனம் ஒன்றின் உரிமையாளர்